கஸ்தூரியம்மா வைத்த வடக்கு

வெயில் ஒத்துக்கொள்ளாத பேராசிரியரிடம் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வெயில் கொளுத்தும் ஊர்களுக்கெல்லாம் நம்மை அனுப்பிவிடுவார். ஐஸ்லாந்து என்றால் அவரே போவார். திருவண்ணாமலை என்றதும் என்னைப் பார்த்து, "உன் ஊர்தானே, உனக்கு எல்லாம் தெரியும்" என்றார். நான் தூத்துக்குடிக்காரி. அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற தூரத்துக்கு அவர் ஊரிலிருந்து கிளம்பினால் வேறு நாட்டில் போய் இறங்கிவிடலாம். அதைச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார்.

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கற்களிடம் வடக்கு எது என்று கேட்பதுதான் தொழில். ஊரில் இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள், "இதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்கிறார்கள். விஷயம் எளிமையானது. பூமிக்குள்ளிருந்து கொதித்து மேலே வரும் கற்குழம்பில் இரும்புத் துணுக்குகள் இருக்கும். குழம்பு ஆறும்போது அந்தத் துணுக்குகளின் காந்தம் அன்றைக்கு வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்து நின்றுவிடும். ஈர சிமெண்டில் நாய் நடந்துபோன தடம் காய்ந்து நிற்கிற மாதிரி. நாய் போய் யுகம் ஆகியிருக்கும், தடம் இருக்கும். பூமியின் காந்த வடக்கு ஓரிடத்தில் அடங்கி இருக்கிற ஆள் இல்லை. அலைந்திருக்கிறது, பலமுறை தலைகீழாகப் புரண்டு தெற்குக்கே போயிருக்கிறது. அது எப்போது எங்கே நின்றது என்பதைக் கேட்க இந்தக் கற்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் எரிமலை இல்லை. எரிமலையாக வெடித்திருக்க வேண்டிய குழம்பு வழியிலேயே பூமியின் விரிசல்களில் மாட்டிக்கொண்டு உறைந்து, கறுப்புச் சுவர் போல நிலத்துக்குள் நீளமாக ஓடுகிறது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கல்குவாரியில் அந்தக் கறுப்புச் சுவரும், அதன் சூடு பட்டு வெந்துபோன பக்கத்துப் பாறையும் ஒட்டினாற்போல் வெளியே தெரிவதாகப் படம் கிடைத்திருந்தது. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் சாட்சி பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். குவாரிக்காரர்கள் அந்த முகப்பை அறுத்து எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் சொந்த ஆசை ஒன்று இருந்தது. நான் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர். கல் அறுப்பது நான், அளப்பது நான், கருவி பழுதானால் அதன் வயிற்றைத் திறப்பது நான். கட்டுரை வெளியாகும்போது மட்டும் கடைசிப் பக்கத்தில், கருவி விற்ற கம்பெனிக்குப் பக்கத்தில், "மலருக்கும் நன்றி" என்று ஒரு வரி இருக்கும். இந்த முறை பேராசிரியர் தானாகவே சொன்னார். கற்கள் சரியாக அமைந்தால் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. எங்கள் உலகத்தில் முதல் பெயர்தான் மாப்பிள்ளை. மற்றவர்களெல்லாம் கல்யாண போட்டோவில் பின்னால் நிற்கும் சொந்தக்காரர்கள். எனக்கு அந்த முதல் பெயர் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவும் வேண்டியிருந்தது.

துணைக்கு மார்ட்டினை அனுப்பினார்கள். ஆய்வகத்தில் இளம் ஆராய்ச்சியாளன், டாக்டர் பட்டம் வாங்கியவன். தேநீர்ப் பையை எத்தனை நிமிடம் நனைய விட வேண்டும் என்பதற்குக் கைபேசியில் அலாரம் வைப்பான். கருவி காட்டாத எதையும் நம்பாதவன் என்று பெயர் எடுத்திருந்தான். அந்தப் பெயர் திருவண்ணாமலையில் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. இதைப் பார்த்துத் தேதி குறிக்கும் அளவுக்கு எனக்கும் புத்தி இல்லை, பேராசிரியருக்கும் இல்லை. வேன் ஓட்டி வந்த ஏழுமலை கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஆள். ஊர் எல்லையில் போலீஸ் தடுப்பைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

"இதுக்கு மேல வண்டி போவாதுங்க மேடம். பவுர்ணமி. நாளைக்குக் காலைல வரைக்கும் ஊரே நடக்கும்."

"எங்க ரூம் செங்கம் ரோட்டுல இல்ல இருக்கு?"

"அதுவும் கிரிவலப் பாதைதாங்க. நீங்களும் அப்படியே நடந்துட்டா புண்ணியம் ஜாஸ்தி."

வேனில் கல் துளைக்கும் இயந்திரம் இருந்தது. மரம் அறுக்கும் மிஷினின் உடம்பில் துரப்பணத்தை மாட்டிய மாதிரி இருக்கும். அதை ராத்திரி முழுக்க ரோட்டோரம் விட எனக்கு மனம் வரவில்லை. நானும் மார்ட்டினும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு லட்சோப லட்சம் ஜனங்களுக்கு நடுவே இறங்கினோம். கையில் மிஷினைப் பார்த்தவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் கூடவே நடந்து வந்து, "இன்னா வேண்டுதல்மா இது? மிஷின தூக்கிக்கினு சுத்துறீங்க?" என்று விசாரித்தார். கல் எடுக்க வந்திருக்கிறோம் என்றேன். "நல்லபடியா வந்துரும், அண்ணாமலையார் குடுத்துருவார்" என்று ஆறுதல் சொன்னார். அவர் நினைத்தது சிறுநீரகக் கல் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எல்லாரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று மார்ட்டினும் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். வழியில் யாரோ தொன்னையில் புளியோதரை நீட்டினார்கள். அடுத்து சுண்டல். அதற்கடுத்து மோர். "இதையெல்லாம் யார் கொடுக்கிறார்கள்? எதற்காகக் கொடுக்கிறார்கள்? பதிலுக்கு நாம் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். சாப்பிட்டால் போதும் என்றேன். அவன் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு உருளைக்கிழங்கு கொடுத்தாலும் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். இங்கே பெயர்கூடத் தெரியாதவர் கை நிறையச் சோறு கொடுத்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்க "நகருங்க, நகருங்க" என்று விரட்டுகிறார். மார்ட்டின் கண் கலங்கிவிட்டான். புளியோதரையில் மிளகாய் அதிகம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் தங்கிய வீடு கஸ்தூரியம்மாவுடையது. ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சந்துக்குள். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை, மகன் சென்னையில். மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். வாசலிலேயே சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டார். முட்டை கூடாது. செருப்பு படிக்குக் கீழே. ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது. காலை ஆறு மணிக்கு காபி, அதைத் தாண்டினால் இல்லை. ஜெர்மனியில் வீட்டுக்காரர் இதையே பதினெட்டுப் பக்க ஒப்பந்தமாகக் கொடுப்பார். கஸ்தூரியம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை செங்கம் ரோட்டில் ஒரு கஃபேக்குப் போனோம். அங்கே தோசை கிடையாது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும், ஏதோ விதை தூவிய ரொட்டியும், வேப்பிலைக் கஷாயம் மாதிரி ஒரு தேநீரும் இருந்தன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடியிருந்தார்கள், மீதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் காவி சால்வை போர்த்திய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மலையைக் காட்டி ஆங்கிலத்தில் மார்ட்டினிடம் சொன்னார்: "இது சாதாரண மலை இல்லை. இதற்குள் பூமியிலேயே பெரிய காந்தம் இருக்கிறது. நான் வந்த அன்றே ஒற்றைத் தலைவலி போய்விட்டது."

நான் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். முள் சாதுவாக வடக்கே பார்த்து நின்றது. கஃபே வாசலுக்குப் போய் மலையடிவாரத்துப் பாறையில் வைத்தேன். அப்போதும் அது மலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடம் காட்டினேன். "உங்கள் கருவிக்கு இன்னும் பக்குவம் வரவில்லை" என்றார். இதைக் கேட்டு மார்ட்டின் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் யோசனையாகத் தலையை ஆட்டினான். மத்தியானம் ருத்ராட்ச மாலையோடு வந்தான்.

சாயங்காலம் ஏழுமலையின் வேனில் குவாரிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தோம். மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே பூமியை வாய்க்கால் வெட்டினாற்போல் பிளந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நிலக்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். திசைகாட்டியை அந்தக் கறுப்புக் கல்லின் மேல் வைத்தேன். முள் பித்துப் பிடித்ததுபோல் சுழன்று தெற்கே போய் நின்றது. மலையில் தேடிய காந்தம் இங்கேதான் இருந்தது. இதைச் சுற்றி யாரும் நடக்கவில்லை, கற்பூரம் காட்டவில்லை. கம்பி ரம்பம் வைத்துப் பாளம் பாளமாக அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

குவாரி மேற்பார்வையாளர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஜெர்மனிலேருந்தா வரீங்க? இந்தக் கல்லே அங்கதாங்க போவுது. கல்லறைக்கு. நல்ல கருப்பு, பாலீஷ் புடிக்கும். நீங்க அங்கியே ஏதாவது சுடுகாட்டுல தேடியிருந்தா கெடச்சிருக்குமே."

வாஸ்தவம்தான். ஆனால் கல்லறையில் இருக்கிற கல், தான் பிறந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று சொல்லாது. மண்ணோடு ஒட்டியிருக்கும்போதே அதன் மேல் திசைக்கோடு போட்டுவிட வேண்டும். கோடு போடாமல் பெயர்த்தால் அம்மிக்குக்கூட ஆகாது. அதை அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்கு ஞாயித்துக்கெழம, மிஷின் ஓடாது. வந்து எடுத்துக்குங்க. திங்கக்கெழம காலைல இந்த மூஞ்ச அறுத்துருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. விடிந்ததும் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் முப்பதுக்குக் கொஞ்சம் கூடவே கல் எடுத்தோம். துரப்பணம் பாறைக்குள் போக, ஏழுமலை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, உள்ளே கட்டைவிரல் பருமனில் கல் உருளை தனியாக நிற்கும். அதைப் பெயர்ப்பதற்கு முன் பித்தளைக் கம்பியால் அதன் பக்கவாட்டில் ஒரு கோடு கீற வேண்டும். அந்தக் கோடு எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே திசைகாட்டியை நம்ப முடியாது, கல் அதை ஏமாற்றிவிடும். அதனால் ஒரு குச்சியின் நிழலை வைத்து சூரியனிடம் திசை கேட்போம். பிறகு பேனாவால் கோட்டைத் தடிப்பாக்கி, அடியில் எண் போட்டால் வேலை முடிந்தது.

மத்தியானம் ஏழுமலை வீட்டிலிருந்து வேக வைத்த மல்லாட்டையும் காரக்குழம்பும் வந்தன. மார்ட்டின் சாப்பிடும் முன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். ஏழுமலை என்னிடம் தாழ்ந்த குரலில், "சாமிக்கு ஒடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டார். இந்த ஊரில் வெள்ளைத் தோலும் மாலையும் இருந்தால் சாமிதான். வேலையில் மட்டும் மார்ட்டின் ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கறுப்புச் சுவரின் நடுவிலிருந்து ஓரம் வரை, ஓரத்திலிருந்து வெந்த பாறை வரை ஒழுங்காக எடுத்தோம். கல்லில் விழுந்த கோடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது. முதல் பெயர், முதல் பெயர் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, அறையில் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை மரப்பெட்டி செய்யச் சொல்லத் தேரடித் தெருப் பக்கம் போனேன். திரும்பி வர மத்தியானமாகிவிட்டது. மாடியில் சாம்பிராணி வாசனை. அறையில் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

கூடத்துக்கு ஓடினேன். வடக்குச் சுவரோரம் ஒரு நீளப் பலகை. பலகை மேல் பித்தளைத் தாம்பாளங்களில் பச்சரிசி பரப்பி, அதில் இரண்டு வரிசையாக என் கற்கள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. குளிப்பாட்டி, எண்ணெய் மினுங்க, ஒவ்வொன்றின் நெற்றியிலும் விபூதிப் பட்டை. நான் போட்டிருந்த ஒரு கோட்டைக் காணோம், அதற்குப் பதிலாக மூன்று கோடு இருந்தது.

கோபம் வந்தால் எனக்குத் தூத்துக்குடி வந்துவிடும். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய? யாரைக் கேட்டு எடுத்திய?" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து கஸ்தூரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா, நல்லா படிச்சவங்கதானே நீங்க? பெருக்கலாம்னு கட்டிலுக்கடியில தொடப்பத்த விட்டா பொட்டி தட்டுது. தெறந்து பாத்தா அத்தினியும் லிங்கம். அதுவும் அழுக்கு சாக்ஸு பக்கத்துல. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. வீட்டுக்குள்ள லிங்கம் வந்துட்டா தண்ணி ஊத்தி சோறு காட்டணும். சோமவாரமும் அதுவுமா பட்டினி போட்டா யாருக்கு வந்து சேரும்? உங்களுக்கா? வீட்டுக்காரி எனக்கில்ல?"

"அது லிங்கம் இல்லம்மா. மிஷினால துளைச்செடுத்த கல்லு."

"கோயில்ல இருக்கறது மட்டும் இன்னாவாம்?"

எதைக் கொண்டு தேய்த்தீர்கள் என்று கேட்டேன். புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி நன்றாகத் தேய்த்ததாகப் பெருமையாகச் சொன்னார். பித்தளைக் கீறலுக்கு இதைவிடப் பெரிய எமன் கிடையாது. ஏழுமலைக்கு போன் போட்டேன். குவாரிக்குக் கேட்டுச் சொன்னார். காலையிலேயே முகப்பை அறுத்துப் பாளத்தைக் கிரேனில் தூக்கிவிட்டார்களாம். கற்களைப் பழைய துளைகளில் ஒட்டவைத்துப் பார்க்க இடம்கூட இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டும் அழுகை வந்தது. கஸ்தூரியம்மா பயந்துபோனார். பக்கத்தில் வந்து குந்தி, "இன்னாம்மா ஆச்சு? நான் ஒண்ணும் தப்பா வைக்கலியே. கோமுகிகூடப் பாத்துதானே வச்சேன்" என்றார்.

"எந்தக் கோமுகி?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கமா கோடு போட்டிருந்தீங்களே, தண்ணி வழியற பக்கம்னு. அது வடக்கதான பாக்கணும்? ஒண்ணொண்ணா எடுத்து, தேச்சிட்டு, கை மாத்தாம அந்தப் பக்கத்த வடக்கச் செவுத்தப் பாத்தே நட்டேன். வேற மாதிரி வச்சா வூட்டுக்கு ஆவாது."

லிங்கத்துக்கு ஊற்றும் தண்ணீர் வழிந்தோடும் வாய் வடக்கே பார்க்க வேண்டும் என்பது எந்தச் சிவன் கோயிலிலும் மாறாத வழக்கம். என் கோட்டை இந்த அம்மாள் அந்த வாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அழிந்தது மையும் கீறலும்தான். கோடு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் இப்போதும் வடக்குச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. அடியில் எழுதிய எண்களும் தப்பியிருக்கும், அடியை யார் தேய்க்கப்போகிறார்கள். மண்டியிட்டுத் தவழ்ந்து போய் கற்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு கல்லின் குழியில் பித்தளைக் கீறல் துளி மிச்சமிருந்தது. அது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்தூரியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிறகு முன்வரிசையைப் பார்த்தேன். பின்வரிசையில் விபூதிப் பட்டையெல்லாம் என்னைப் பார்த்திருந்தன; இங்கே சிலவற்றின் பட்டை சுவரைப் பார்த்திருந்தது, சிலவற்றின் பட்டை ஜன்னலைப் பார்த்திருந்தது, ஒரு கல் தலைகீழாக நின்றது.

"இதுங்க மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

கஸ்தூரியம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, சாமி! இப்பதான் வந்து கும்புட்டுக்கினு இருந்தாரு. கோமுகியத் திருப்பிட்டாரே!"

மொட்டை மாடியிலிருந்து மார்ட்டின் இறங்கி வந்தான். நெற்றி நிறைய விபூதி. கற்கள் பூஜையில் இருந்ததைப் பார்த்து மனம் உருகி, முன்வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்தானாம். எந்தப் பக்கம் பார்த்து வைத்தாய் என்றேன். "அந்த நேரத்தில் எனக்குத் திசை என்ற உணர்வே இல்லை" என்றான். காந்தவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன் வாயால் இதைக் கேட்டேன். அவனைத் திட்ட ஜெர்மன் மொழியில் எனக்குச் சொல் போதவில்லை, தமிழில் திட்டினேன். கஸ்தூரியம்மா கூடவே ஒன்றிரண்டு சேர்த்துக்கொண்டார்.

நல்லவேளையாக முன்வரிசையில் பாதியை அடைவதற்குள் அவனுக்குத் தியானம் வந்து மாடிக்குப் போயிருக்கிறான். அவன் கெடுத்ததெல்லாம் குவாரியில் கறுப்புச் சுவரின் நடுப்பகுதியில் எடுத்த கற்கள். ஓரத்துக் கற்களும் வெந்த பாறையும் பின்வரிசையில் பத்திரமாக இருந்தன. எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, கற்பூரம் காட்டாமல் யாரும் தொடக் கூடாது என்று கஸ்தூரியம்மா தடுத்துவிட்டார். அவர் பாட்டுப் பாடி, பொங்கல் படைத்து, தீபாராதனை முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடவுளை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு அந்தப் பலகையைப் பூனை தட்டிவிடக் கூடாது என்று மனமாரக் கும்பிட்டேன். முடிந்ததும் படுத்துக்கொண்டு, அரிசியில் நின்றபடியே ஒவ்வொரு கல்லுக்கும் வடக்கே பார்த்த பக்கத்தில் புதுக்கோடு போட்டேன்.

சாயங்காலம் பேராசிரியர் வீடியோவில் வந்தார். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது, அவருக்கு அது ஒத்துக்கொள்ளும். மடிக்கணினி மார்ட்டினுடையது, அதனால் பேச்சையும் அவனே ஆரம்பித்தான்.

"ஒரு சின்ன விபத்து. வேலைக்காரப் பெண் கழுவியதில் கோடுகள் அழிந்துவிட்டன. ஆனால் கற்கள் ஏதோ ஓர் ஒழுங்கில் நிற்பதை நான் கவனித்தேன். எல்லாம் வடக்கு நோக்கி. அதை வைத்து மீட்டுவிட்டோம்."

பேராசிரியர் நெகிழ்ந்துவிட்டார். "அருமை, மார்ட்டின். அப்படியானால் கட்டுரையில் பெயர் வரிசையை நாம் மறுபடி யோசிக்க வேண்டும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து கஸ்தூரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். ஜெர்மன் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்தது.

"இன்னாம்மா சொல்றாரு சாமி?"

"கல்லெல்லாம் வடக்கப் பாத்து நின்னத அவருதான் கண்டுபுடிச்சாராம். அதக் கழுவுனது வேலைக்காரியாம்."

கஸ்தூரியம்மா மார்ட்டினை ஒரு நிமிடம் பார்த்தார். அவன் முன்னால் வைத்த டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்தார். "அப்படிங்களா? அப்ப நாளையிலேருந்து காபி எங்க இருக்குதுன்னும் அவரையே கண்டுபுடிச்சிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் அதை வார்த்தை மாறாமல் ஜெர்மனில் திரைக்குச் சொன்னேன். யார் இந்தப் பெண்மணி என்றார் பேராசிரியர். புளி, சாம்பல், கோமுகி, பச்சரிசி, மார்ட்டினின் பக்தி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மார்ட்டின் இரண்டு இடத்தில் குறுக்கிடப் பார்த்தான், குரலை உயர்த்தினேன்.

வெயில்தான் பேராசிரியருக்கு ஒத்துக்கொள்ளாதே தவிர, உண்மை ஒத்துக்கொள்ளும். "எப்படி நடந்ததோ அப்படியே கட்டுரையில் எழுத வேண்டும். திசைக்கோடுகள் அழிந்தன, வீட்டு உரிமையாளர் வழிபாட்டுக்காக வடக்கு நோக்கி வைத்திருந்ததைக் கொண்டு மீட்கப்பட்டன என்று" என்றார்.

"வழிபாட்டையுமா?" என்றான் மார்ட்டின்.

"எல்லாவற்றையும். அரிசி உட்பட. துறையில் எல்லாரும் சிரிப்பார்கள். கல் சொல்லும் திசை சரியாக இருந்தால் அப்புறம் சிரிப்பதை நிறுத்துவார்கள். இப்போது சொல்லுங்கள், முதல் பெயர் யாருடையது?"

மார்ட்டின் கழுத்து மாலையைத் தடவிக்கொண்டு, முற்றும் துறந்தவனின் சாந்தத்தோடு, "மலருடையதுதான். முன்பே பேசி முடித்ததுதானே? எனக்குப் பெயரில் பற்று இல்லை" என்றான்.

எனக்குக் கூச்சமே வரவில்லை. சிரிக்கிறவர்கள் முதலில் என் பெயரைப் படித்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். ஆகட்டும், என்னுடையதுதான் என்றேன். இரண்டாவது மார்ட்டினா என்று கேட்டார் பேராசிரியர். அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மார்ட்டினின் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரிடம் திரும்பி முழுப்பெயர் என்ன என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றார் கஸ்தூரியம்மா. கேட்டுத் தெரிந்துகொண்டதும் டம்ளரைக் கீழே வைத்தார், முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு திரைக்கு நேராக வந்து நின்றார்.

"ஆதார்ல இருக்கற மாதிரியே சொல்லட்டுமா?"